உடல் வெப்பம் மாறும்போது: நோயாளிக்கும் உடனிருப்போருக்கும் ஒரு செவிலியப் பாடம்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரிலிருந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,300 மீட்டருக்கும் மேலே உள்ள போடிமெட்டை அவை அடைகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் வியர்த்திருந்த தொழிலாளி மேலே மூடுபனியில் நிற்கிறார். பகலில் காய் உலர்த்தும் அறையின் சூட்டில் வேலை செய்கிறார். மாலையில் மழையில் நனைந்தபடி மீண்டும் இறங்குகிறார். இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் நலமான உடலின் உள்வெப்பம் ஒரு டிகிரி அளவிற்குள்தான் ஏறி இறங்குகிறது.

அந்தச் சமநிலை குலையும்போது உடல் நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. அச்செய்தியைப் படிக்கவும், மருத்துவமனைக்கு வரும் வரையிலும் வீடு திரும்பிய பின்னரும் நோயாளியைக் காக்கவும் உடனிருப்போர் அறிந்திருக்க வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் காண்போம்.

உடல் தன் வெப்பத்தை எவ்வாறு காக்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியே நம் வெப்பத்தின் காவலர். உண்ட உணவு எரிவதாலும் தசைகள் இயங்குவதாலும் வெப்பம் உண்டாகிறது. அது நான்கு வழிகளில் வெளியேறுகிறது: தோலிலிருந்து கதிர்வீச்சாக, குளிர்ந்த தரை, ஈரத்துணி போன்றவற்றைத் தொடுவதன் மூலம் கடத்தலாக, வீசும் காற்றின் வழியாக, வியர்வை ஆவியாவதன் மூலமாக. சூடு மிகும்போது தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வியர்வை சுரக்கிறது. குளிரும்போது அக்குழாய்கள் சுருங்கி, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன.

செவிலியர் செய்யும் பணிகள் பலவும் இந்த நான்கு வழிகளைத் திறப்பதோ மூடுவதோதான். ஈரத்துணியால் துடைப்பது ஆவியாதலுக்கு வழி திறக்கிறது. நனைந்த ஆடையை மாற்றுவது அதே வழியை மூடுகிறது. இதைப் புரிந்துகொண்டால், எப்போது போர்த்த வேண்டும், எப்போது போர்வையை விலக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

அளந்து அறிதல்

நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அன்பின் அடையாளம். ஆனால் அது அளவு ஆகாது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச், பல்லாயிரம் நோயாளிகளின் வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து 1868ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். காய்ச்சல் என்பது தனியொரு நோய் அன்று, நோயின் அறிகுறி என்னும் தெளிவு அதன் பின்னரே பரவியது. மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் வெப்ப வரைபடம் அவர் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி.

பெரியவர்களின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை, அதாவது 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். விடியற்காலையில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்று உயர்ந்தும் காணப்படும். வாயில் அளக்கும்போது 100.4 டிகிரி பாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் எனக் கொள்கிறோம். அக்குளில் அளந்தால் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே அங்கு 99.5ஐத் தாண்டினாலே கவனம் தேவை.

வீட்டில் அளக்கும் முறை:

1. மின்னணுத் தெர்மாமீட்டரே போதுமானது. பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் தீங்கு நேரும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்கவும்.
2. சூடான தேநீரோ குளிர்ந்த நீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்தே வாயில் அளக்க வேண்டும்.
3. சிறு குழந்தைகள், மயக்கத்தில் இருப்போர், வலிப்பு வரக்கூடியோர் ஆகியோருக்கு வாயில் வைக்கக் கூடாது, அக்குளில் வைக்கவும்.
4. அக்குளின் வியர்வையைத் துடைத்து, முனை தோலில் நன்கு படும்படி வைத்து, கையை மார்போடு அணைத்துப் பிடிக்கவும். ஒலி எழும் வரை எடுக்க வேண்டாம்.
5. நாள், நேரம், அளவு, அளந்த இடம், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

ஐந்தாவது படியை அருள்கூர்ந்து விட்டுவிடாதீர்கள். "நான்கு நாளாகக் காய்ச்சல்" என்னும் சொல்லைவிட, நான்கு நாள் குறிப்புகள் அடங்கிய ஒரு தாள் மருத்துவருக்குப் பன்மடங்கு உதவும்.

காய்ச்சலின் மூன்று நிலைகள்

கிருமி உடலுள் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் ஹைப்போதலாமஸ் தன் இலக்கை 98.6இலிருந்து, எடுத்துக்காட்டாக, 103க்கு உயர்த்திக்கொள்கிறது. அதன்பின் நிகழ்பவை மூன்று நிலைகள். ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு வேறு.

முதல் நிலை குளிர் நடுக்கம். உடல் புதிய இலக்கை எட்ட முயல்கிறது. கை கால் சில்லிடும்; பல் கிட்டும். இந்நேரத்தில் ஈரத்துணியால் துடைத்தால் நடுக்கம் மிகுந்து வெப்பம் மேலும் ஏறும். மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தி, வெதுவெதுப்பான பானம் கொடுத்து, அருகில் இருங்கள்.

இரண்டாம் நிலை சூடு நிலைத்திருப்பது. நடுக்கம் நின்று, தோல் சூடாகி, முகம் சிவந்து, வாய் உலரும். இப்போது போர்வையை விலக்கி, பருத்தி ஆடை உடுத்தி, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போது உடலின் ஆற்றல் தேவை சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. இதயமும் விரைந்து துடிக்கிறது. இதய நோயாளிகளும் முதியோரும் இதனாலேயே விரைவில் சோர்கின்றனர். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு நீர், எந்தப் பானம் என்பதை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நிலை வியர்த்து இறங்குவது. ஆடையும் விரிப்பும் நனையும். உடனே துடைத்து உலர்ந்த ஆடை மாற்றுங்கள். இழந்த நீரை ஈடு செய்யுங்கள். இந்நேரத்தில் நோயாளி திடீரென எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். கழிவறைக்குச் செல்லும்போது கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

துடைத்தலும் மருந்தும்

உடலைத் துடைக்க வெதுவெதுப்பான நீரே ஏற்றது. பனிக்கட்டி நீரில் துடைத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் வெளியேற முடியாமல் போகும். ஸ்பிரிட் தேய்ப்பது குழந்தைகளுக்கு ஆபத்தானது. நெற்றியில் மட்டும் ஈரத்துணி போடுவது ஆறுதல் தரும். வெப்பத்தைப் பெரிதும் குறைக்காது. துடைக்கும்போது நோயாளி நடுங்கத் தொடங்கினால் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கத் தக்கது பாராசிட்டமால் ஒன்றே. குழந்தைக்கு வயதைக் கொண்டு அன்று, எடையைக் கொண்டே அளவு கணக்கிடப்படுகிறது: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி. வரை. இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும்; ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேற்படக் கூடாது. கடையில் வாங்கும் சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அறியாமல் இருமுறை கொடுத்தால் கல்லீரல் கெடும். மேலட்டையைப் படித்துப் பாருங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துவோரும் மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் தெரியாத காய்ச்சலில் ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். அக்காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடும்.

நம் மலையும் நம் காய்ச்சல்களும்

ஏலமலையில் காய்ச்சலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை கட்டப்பட்டபோது, தொழிலாளர் பலர் மலேரியாவாலும் காலராவாலும் மாண்டனர். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில்தான். காரணம் அறியப்படாத அக்காலத்தில் "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி மக்கள் இறந்தனர். காரணம் அறியப்பட்ட இன்றும் "மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல்" என்று சொல்லி நாள்களைக் கடத்துகிறோம். கடத்தும் அந்த நாள்களில்தான் உயிர் ஊசலாடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தோட்டத்தில் களை எடுக்கும் ஒரு தாய்க்கு ஆறு நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி. மாத்திரை போட்டால் இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது. ஏழாம் நாள் மூச்சு வாங்குகிறது. மருத்துவமனையில் ஆடை மாற்றும்போது, இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த, வலியற்ற ஒரு பொருக்கைச் செவிலியர் காண்கிறார். அது ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலின் தடயம். புதரிலும் சருகிலும் வாழும் மிகச் சிறிய பூச்சியின் இளவுயிரி கடித்த இடம் அது. உரிய நேரத்தில் கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்திலேயே பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் தேறுகின்றனர். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம்.

அந்தப் பொருக்கு மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும்: அக்குள், மார்பின் அடி, இடுப்பு, தொடை இடுக்கு, காதின் பின்புறம். பெண்கள் கூச்சத்தால் சொல்ல மாட்டார்கள். சிலருக்குத் தெரிந்தே இராது. எனவே வீட்டில் உடல் துடைக்கும் தாயோ மகளோ மருமகளோ அவ்விடங்களைப் பார்த்துவிடுங்கள். எல்லோருக்கும் இப்பொருக்கு தோன்றுவதில்லை. அது இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் முடிவு செய்ய வேண்டாம்.

சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலுடன் வேலை செய்தோருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை ஆகியன அதன் அறிகுறிகள். ஆகவே மருத்துவரிடம் காய்ச்சலின் அளவோடு நோயாளியின் தொழிலையும் சொல்லுங்கள். "ஏலத்தோட்ட வேலை, மலையிலிருந்து இறங்கி ஐந்து நாள் ஆயிற்று" என்னும் ஒரு வரி, பல பரிசோதனைகளுக்கு வழி காட்டும்.

டெங்குவைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. டெங்குவில் ஆபத்தான காலம், காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நேரம் அன்று. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே அது இறங்கும் நேரம். தெர்மாமீட்டர் 98.6 காட்டுகிறது; வீட்டார் நிம்மதி கொள்கின்றனர். ஆனால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் வீழத் தொடங்குவது அப்போதுதான். காய்ச்சல் இறங்கியும் நோயாளி சோர்ந்தே இருந்தாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, கை கால் சில்லிட்டுப் பிசுபிசுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

குழந்தைக்கு வலிப்பு வந்தால்

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள் சிலருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வரும். பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தானே நின்றுவிடும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தருகே உள்ள ஆடையைத் தளர்த்துங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இரும்பைக் கொடுப்பதும், வாயில் கரண்டி வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடாது. முதன்முறை வலிப்பு எனில், நின்றபின் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

வெப்பத் தாக்கு காய்ச்சல் அன்று

கோடையில் அடிவாரத்து வெயிலில் சுமை தூக்குவோருக்கும், காற்றோட்டமில்லாத சூடான அறையில் வேலை செய்வோருக்கும் வெப்பத் தாக்கு நேரலாம். இங்கு ஹைப்போதலாமஸ் இலக்கை உயர்த்தவில்லை. வெளியேற வழியின்றி வெப்பம் உடலில் தேங்கிவிட்டது. எனவே பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. உடல் வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட் அளவிற்கு உயர்ந்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது உயிர் ஆபத்து.

108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் குளிர்ந்த பொதி வைக்கலாம். காய்ச்சலில் கூடாது என்ற குளிர்ந்த நீர் இங்கு உயிர் காக்கும் மருந்து. நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்க வேண்டாம்.

வெப்பம் குறைந்தால்

உடல் வெப்பம் 95 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (35 டிகிரி செல்சியஸ்) கீழே இறங்குவதைத் தாழ்வெப்பநிலை என்கிறோம். மலையில் நனைந்த ஆடையோடு ஜீப்பின் பின்புறம் அமர்ந்து காற்றில் இறங்கி வருவோருக்கும், மெலிந்த முதியோருக்கும், மது அருந்தியோருக்கும் இது நேரலாம். முதலில் நடுக்கம் வரும். வெப்பம் மேலும் இறங்கினால் நடுக்கம் நின்று குழப்பமும் உறக்கமும் வரும். நடுக்கம் நின்றது தேறியதன் அறிகுறி அன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஈர ஆடையைக் களைந்து, உலரத் துடைத்து, தலையையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்த்துவிட வேண்டாம்; முதலில் மார்பும் வயிறும் சூடாக வேண்டும். வெந்நீர்ப் பையைத் தோலில் நேரடியாக வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் உணர்வு மங்கிய கால்களில் கொப்புளம் எழுந்தபின்தான் சுட்டதே தெரியவரும்.

பச்சிளங் குழந்தைக்கு 97.7 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினாலே உடனடிக் கவனம் தேவை. கை கால் சில்லிட்டு, பால் குடிக்காமல், அழுகை மெலிந்தால் காத்திருக்க வேண்டாம். பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாமல் இருப்பதே நல்லது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவது கங்காரு பராமரிப்பு எனப்படும். 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கருவிகள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய இம்முறை, இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தாய்க்கு இயலாத நேரத்தில் தந்தையோ பாட்டியோ இதனைச் செய்யலாம்.

தீக்காயமும் வெப்ப இழப்பும் சேர்ந்தே வருவன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நம் ஊர் மறவாது. நெருப்பில் வெந்தவர் குளிரில் நடுங்குவது ஏன் என்று பலர் வியப்பர். வெப்பத்தையும் நீரையும் உள்ளே தடுத்து நிறுத்துவது தோல். அது அழிந்தால் இரண்டும் வெளியேறிவிடும். ஆகவே காயத்தின்மீது ஓடும் நீரை 20 நிமிடம் விட்டுக் குளிர்விக்கும்போதே, காயமில்லாத பகுதிகளைப் போர்த்தி வையுங்கள். காயம் பெரிதாயின் உடல் முழுவதையும் நீண்ட நேரம் நனைக்க வேண்டாம். பனிக்கட்டி, மாவு, மை எதையும் பூசாமல், தூய துணியால் மூடி அழைத்து வாருங்கள்.

தாமதிக்காமல் வர வேண்டியவர்கள்

• 3 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்.
• புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோருக்கு 100.4 அல்லது அதற்கு மேல், ஒரே முறை அளந்திருந்தாலும்.
• கர்ப்பிணிகள், அண்மையில் மகப்பேறு அல்லது அறுவை சிகிச்சை முடிந்தோர்.
• மூச்சுத் திணறல், கழுத்து விறைப்பு, குழப்பம், வலிப்பு, இரத்தக்கசிவு உள்ளோர்.
• மூன்று நாளைக் கடந்தும் காய்ச்சல் நீங்காதோர்.
• காய்ச்சல் இல்லாமலே உண்ண மறுத்து, பேச்சு மாறி, சோர்ந்து கிடக்கும் முதியோர். முதுமையில் கடும் தொற்றிலும் வெப்பம் உயராமல் இருக்கலாம்.

மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108 என்னும் எண்களை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

உங்களைச் சோதித்துக்கொள்ள மூன்று வினாக்கள்

1. நோயாளி நடுங்கிக்கொண்டிருக்கிறார், தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது. இப்போது ஈரத்துணியால் துடைக்கலாமா? (விடை: கூடாது. மெல்லிய போர்வை போர்த்தி, நடுக்கம் நின்றபின் பார்க்கவும்.)
2. டெங்கு நோயாளிக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. வயிற்று வலி கடுமையாக இருக்கிறது. வீட்டிலேயே வைத்திருக்கலாமா? (விடை: கூடாது. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.)
3. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நான்கு நாள் காய்ச்சல். உடலில் எங்கெங்கே பார்க்க வேண்டும்? (விடை: அக்குள், மார்பின் அடி, இடுப்பு, தொடை இடுக்கு, காதின் பின்புறம்.)

மூன்றுக்கும் சரியாக விடை கூறினீர்கள் எனில், உங்கள் வீட்டில் ஒரு பயிற்சி பெற்ற கை இருக்கிறது என்று பொருள். மருத்துவர் ஒரு நாளில் சில நிமிடங்களே நோயாளியைப் பார்க்கிறார். செவிலியர் சில மணி நேரம் பார்க்கிறார். இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பவர் நீங்கள். நீங்கள் அளந்து எழுதும் அந்த ஒரு தாளை, அடுத்த முறை வரும்போது மறவாமல் எடுத்து வாருங்கள்.